இணைப்பு இல்லாத பக்கம்

"இன்னைக்கு என்னை ஒரு போட்டோ எடுத்துடு," என்றாள் அம்மா.

ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பை கூடத்தில் தயாராக நின்றது. மாலை நாலு மணிக்குப் போய்ச் சேர வேண்டும். மறுநாள் காலை இதயத்தில் வால்வு மாற்றும் ஆபரேஷன். நாலு மாதமாகப் போட்டோ என்று வாயெடுத்தாலே எரிந்து விழுந்தவள், இன்று தானாகக் கேட்கிறாள். சின்னவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

சின்னவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பல் செட் செய்யும் பட்டறையில் பதினெட்டு வருஷ வேலை. அந்த வட்டாரத்தில் பாதிக் கிழவர்கள் அவள் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். ஆனாலும் வீட்டில் அவள் சின்னவள்தான். பெரியவன் என்று ஒருவன் இருந்தால்தானே சின்னவள் என்று ஒருத்தி இருக்க முடியும்? அந்தப் பெரியவனின் பேச்சை மட்டும் ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அம்மா வெளியே போகும்போது மட்டும் உடுத்தும் நீலப் புடவையை உடுத்திக்கொண்டாள். தலையை இரண்டு தரம் வாரினாள். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து மேஜையைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"அந்த மாத்திரையெல்லாம் எடுத்து உள்ள வை. கண்றாவியா இருக்கு."

மாத்திரைப் பட்டைகளை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டுச் சின்னவள் மூன்று படம் எடுத்தாள். முகம் நன்றாகவே வற்றிப்போயிருந்தது. ஆனால் அம்மா நேராகக் கேமராவைப் பார்த்த பார்வையில் பழைய அதிகாரம் அப்படியே இருந்தது.

"நீ என்னமோ எழுதுறியே, அதுல போட்டுடுவல்ல? நாலு மணிக்கு முன்னாடி?"

"போட்டுடறேன்மா."

"மறந்துடாத," என்றாள் அம்மா. யார் பார்ப்பதற்காக என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

கதை இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன் அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தார். பெரியவன் அப்போது அப்பாவோடு ஏதோ மனஸ்தாபத்தில் இரண்டு நாளாகப் போனை எடுக்காமல் இருந்தான். விஷயம் தெரிந்து அவன் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்து, வந்தவர்களும் கலைந்துவிட்டார்கள். அம்மா வாசலிலேயே மறித்தாள். "இனிமே எனக்குப் போன் பண்ணாத. லெட்டர் போடாத. இந்த வாசப்படி மிதிக்காத." மூன்றே மூன்று கட்டளை. அவன் திரும்பிப் போனான். மூன்றையும் அப்படியே கடைப்பிடித்தான். அதற்கென்ன, கோபத்தில் சொன்னதுதானே, பிறகு ஒரு போன் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த வீட்டு ஆட்களைத் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். சொன்னவளுக்குச் சொல்லைத் திரும்ப வாங்கத் தெரியாது. கேட்டவனுக்கு அதில் ஒரு இழை குறைத்து எடுத்துக்கொள்ளத் தெரியாது. நடுவில் மாட்டிக்கொண்டவள் சின்னவள்.

ஆனால் வெப்சைட்டைப் பார்க்காதே என்று அம்மா சொல்லவில்லை.

அந்த வெப்சைட்டை உருவாக்கியதே பெரியவன்தான். கல்லூரிக் கடைசி வருஷத்தில் அவனுக்கு அது ஒரு பைத்தியமாகப் பிடித்தது. குடும்பப் பெயரிலேயே ஒரு முகவரி வாங்கி, தனக்கு ஒரு பக்கம், தங்கைக்கு ஒரு பக்கம் என்று பங்கு பிரித்தான். அவன் பக்கத்தின் பெயர் 'வழியில் கண்ட கிழிந்த குடைகள்'. தெருவில் யாரோ வீசிவிட்டுப் போன குடைகளைப் படமெடுத்து, தேதி போட்டு, எந்தக் கம்பி உடைந்திருக்கிறது என்று குறிப்பெழுதி, இருநூற்றுப் பன்னிரண்டு குடைகள் சேர்த்திருந்தான். உலகத்துக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனமில்லை. சின்னவள் பக்கத்தின் பெயர் 'நான் செய்த பற்கள்'. அதற்கும் அதே கதிதான். அக்கம்பக்கத்தார், கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் பெரிய பெரிய தளங்களில் கணக்குத் தொடங்கி, பிறந்தநாள் கேக்கைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் போகவில்லை. அங்கே எல்லோரும் இருந்தார்கள், அண்ணன் இல்லை.

அண்ணன் போன முதல் வருஷம், ஒரு நப்பாசையில், அவள் ஒரு புதுப் பக்கம் செய்தாள். முகப்பிலிருந்தோ வேறெங்கிருந்தோ அதற்கு ஒரு இணைப்பும் கிடையாது. வெப்சைட் முகவரியை அடித்து, ஒரு சாய்கோடு போட்டு, பழைய வீட்டு டெலிபோன் நம்பரை அடித்தால் மட்டுமே அது திறக்கும். சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் எந்த ரகசியத்துக்கும் அந்த நம்பரைத்தான் வைத்துக்கொள்வார்கள். அதை இன்னும் நினைவில் வைத்திருப்பவர்கள் உலகத்தில் மூன்றே பேர். அதில் ஒருத்திக்கு வெப்சைட் என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. அந்தப் பக்கத்தில் அம்மாவின் ஒரு படத்தைப் போட்டுவைத்தாள். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, எந்த இன்டர்நெட் லைனிலிருந்து, எந்த மாதிரிக் கருவியிலிருந்து என்று சர்வர் ஒரு வருகைப் பதிவேடு வைத்திருக்கும். ஐந்து வாரம் ஒருவரும் வரவில்லை. ஆறாவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலை ஆறே கால் மணிக்கு ஒருவர் வந்தார். ரயிலில் நாலு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு ஊரின் லைன் அது. பட்டறையில் மெழுகு உருக்கும் அடுப்பின் முன் நின்று சின்னவள் அன்று அழுதாள். முதலாளி கேட்டதற்குப் புகை என்றாள்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் அவள் ஒரு படம் போடுவாள்; திங்கள் காலை ஆறே காலுக்கு அவன் வந்து பார்த்துவிட்டுப் போவான். ஒரு வார்த்தை எழுதியதில்லை. அம்மாவும் எதையும் கேட்டதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் தானாகத் தலை வாரி, நீலத்தை உடுத்தி, ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

நாலு மாதத்துக்கு முன் உடம்பு படுத்தபோதுதான் அது நின்றது. "இந்த மூஞ்சிய யாரும் பார்க்க வேண்டாம்," என்றாள் அம்மா. "என் உடம்பைப் பத்தி ஒரு எழுத்து நீ எழுதக் கூடாது. என் மேல சத்தியம்." சின்னவள் எழுதவில்லை. பொய்யாக எதையாவது எழுதவும் மனம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கும் பட்டறைக்கும் அலைந்த அலைச்சலில் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

ஒன்பதரை மணிக்குப் பட்டறைக்குப் போனதும் முதல் வேலையாக மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். முதலாளி கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"மதியத்துக்கு மேல லீவுன்னு தெரியும்மா. அந்த மேல் செட்டை மட்டும் பாலிஷ் போட்டுக் கொடுத்துட்டுப் போ. மனுஷன் நாளைக்கு மேடையில பேசணுமாம், பல்லில்லாம எப்படிப் பேசுவான்?"

"அஞ்சு நிமிஷம் சார்."

படத்தை ஏற்றினாள். ஏறிவிட்டது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க முகவரியை அடித்தாள். குடைகள் வரவில்லை, பற்களும் வரவில்லை. வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி: இந்த முகவரி காலாவதியாகிவிட்டது, விரைவில் விற்பனைக்கு வரும்.

சின்னவள் மறுபடி அடித்தாள். அதே வரி.

சர்வர் என்பது வீடு மாதிரி. முகவரி என்பது தெரு முனையில் நிற்கும் பெயர்ப் பலகை. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அவள் பெயரில், அவள் பொறுப்பில் இருந்தது. அதனால்தான் படம் ஏறிற்று. பலகையைத்தான் யாரோ பிடுங்கிவிட்டார்கள். இத்தனை வருஷமாக அந்தப் பலகை எப்படி நின்றது, யார் அதைப் புதுப்பித்தார்கள் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒரு தடவை வாங்கினால் முடிந்தது என்றே நினைத்திருந்தாள்.

முகவரி விற்ற நிறுவனத்தின் தளத்துக்குப் போய், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பதை அழுத்தினாள். புது பாஸ்வேர்டைக் கணக்கில் உள்ள மெயிலுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. அந்த மெயில் எது என்று பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். அதுவும் அதே முகவரியின் பெயரில் இருந்த பெட்டி. பலகை போனால் அந்தப் பெட்டியும் போச்சு. சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பீரோவைப் பூட்டின கதை. சொந்தமாக வெப்சைட் வைத்திருக்கிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பைச் செய்யத் தெரியாது.

அடுத்ததாக வருகைப் பதிவேட்டைத் திறந்தாள். திறந்திருக்க வேண்டாம் என்று பிறகு தோன்றிற்று. நாலு மாதத்துக்கு முன்வரை திங்கட்கிழமைக்கு ஒரு வருகை. படம் நின்ற முதல் மாதம், தினம் ஒன்று. இரண்டாவது மாதம் காலை, மதியம், மாலை. மூன்றாவது மாதம் ஒரே நாளில் பத்து, பன்னிரண்டு தடவை. முப்பத்து மூன்று நாளைக்கு முன் ஒரு மாலை, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரமாக இருபத்தாறு தடவை. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

அந்தக் கடைசி நாளின் வரிசையில் வேறொரு பக்கமும் இருந்தது: கெஸ்ட் புக். வந்தவர்கள் நாலு வார்த்தை எழுதட்டும் என்று பெரியவன் அந்தக் காலத்தில் செய்துவைத்த பக்கம் அது. வழுக்கைத் தலைக்குத் தைலம், லாட்டரி, போலிக் கடிகாரம் என்று குப்பை வந்து குவிந்ததால், சின்னவள் எதையும் வெளியே காட்டாமல் உள்ளேயே சேரும்படி வைத்து, பல வருஷமாகத் திரும்பிப் பார்க்காமல் விட்டிருந்தாள். நாலாயிரத்துச் சொச்சம் குப்பை. தேதியை வைத்துத் தேடினாள். பெயர் போட வேண்டிய கட்டத்தில் ஒன்றுமில்லை. கீழே இரண்டே வார்த்தை.

'அம்மா இருக்காங்களா?'

எழுதாதே என்ற சொல்லை ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவை மீறி அவன் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து பதிலைப் பார்த்திருக்கிறான். பதில் இல்லை. முப்பத்து மூன்று நாளாக இல்லை. அவன் என்னவென்று எடுத்துக்கொண்டிருப்பான் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. அம்மா போய்விட்டாள், தனக்கு இந்தத் தடவையும் யாரும் சொல்லவில்லை என்றுதான் நினைத்திருப்பான். 'பாவி, நான்தானே அவனை வாசல்ல நிக்க வச்சேன்,' என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"என்னம்மா?" என்றார் முதலாளி.

"ஒண்ணுமில்ல சார்."

அண்ணனின் பழைய நம்பர் ஒன்பது வருஷத்துக்கு முன்பே மாறிவிட்டது, புதுசு அவளிடம் இல்லை. நிறுவனத்துக்குப் போன் போட்டாள். பாட்டு, காத்திருப்பு, மறுபடி பாட்டு. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, மேடையில் பேசப்போகிறவரின் மேல் செட்டை பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தாள். பதினொன்றே கால் மணிக்கு, ஜலதோஷம் பிடித்த குரலில் ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், கணக்கு உங்க பேர்ல இல்லையே."

"என் பேர்லதானே இருக்கணும்? அந்த வெப்சைட்டை நடத்துறது நான்தாங்க."

"நடத்துறது நீங்களா இருக்கலாம். முகவரி வேற ஒருத்தர் பேர்ல இருக்கு. ஆரம்பத்துலேருந்து வருஷா வருஷம் அவர்தான் புதுப்பிச்சிருக்கார். இந்த வருஷம் புதுப்பிக்கல. முடிஞ்சு முப்பது நாளாச்சு. திங்கட்கிழமை நிறுத்திட்டோம். இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணியோட கெடு. அதுக்கப்புறம் வெளியாள் ஒருத்தர் வாங்கறதுக்கு வரிசையில நிக்கறார்."

சின்னவள் சக்கரத்தை நிறுத்தினாள். அண்ணனின் முழுப் பெயரைச் சொன்னாள். "அவர்தானா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நான் ஆமான்னும் சொல்லக் கூடாது, இல்லன்னும் சொல்லக் கூடாது மேடம்."

அது போதுமாக இருந்தது. இத்தனை வருஷம், தான்தான் அண்ணனுக்காக விளக்கேற்றி வைத்திருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவன் அவன். சத்தமில்லாமல், சொல்லாமல், ஒரு வருஷம் தவறாமல். அதை இந்த வருஷம் விட்டுவிட்டான் என்றால், இனி அதில் பார்க்க ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிட்டான். இல்லையென்றால் அவனுக்கே ஏதாவது ஆகியிருக்க வேண்டும்.

"அவர் நம்பர் கொடுங்களேன். தயவு பண்ணி. நான் அவர் தங்கச்சி."

"கொடுத்தா என் வேலை போயிடும் மேடம்."

"எங்கம்மாவுக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன். அம்மா செத்துட்டாங்கன்னு அவர் நெனச்சுட்டு இருக்கார்."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு வழி இருக்கு. மெயில் திரும்பி வந்தா, உரிமையாளரோட போனுக்கு ஒரே ஒரு தகவல் நாங்க அனுப்பலாம். ஒரே ஒண்ணு. பதினஞ்சு வார்த்தைக்குள்ள. எழுதிட்டு எனக்கே போன் பண்ணுங்க." தன் மேஜையின் நேரடி நம்பரைச் சொன்னாள். "ரெண்டு மணிக்கு என் ஷிஃப்ட் முடியுது. அதுக்குள்ள பேசுங்க."

பதினைந்து வார்த்தை. ஒன்பது வருஷத்தில் அண்ணனிடம் சொல்ல அவள் மனதுக்குள் சேர்த்து வைத்திருந்தது ஒரு புத்தகம் வரும். பல் அளவு குறிக்கும் சீட்டின் பின்புறம் எழுதினாள். 'அண்ணா, அம்மா இருக்காங்க, நாளைக்கு ஆபரேஷன், உடனே வா.' அடித்தாள். வா என்று சொல்ல இவள் யார்? வராதே என்றவள் வாயைத் திறக்காமல் அவன் வரமாட்டான். வந்தாலும் வாசற்படியோடு நின்றுவிடுவான். 'புதுப்பித்துவிடு' என்று மட்டும் எழுதலாமா? அடித்தாள். சீட்டு கந்தலாகிவிட்டது. மேல் செட்டை முதலாளி கையில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

மணி பன்னிரண்டே முக்கால்.

"போட்டுட்டியா?" என்றாள் அம்மா, அவள் செருப்பைக் கழற்றுவதற்குள்.

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. இதயம் பலவீனமாக இருக்கிறது, அதிர்ச்சியான விஷயம் எதுவும் காதில் விழக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் பொய் சொல்லப் போனால் பதினைந்து வார்த்தையும் போய்விடும். சின்னவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, போனை அம்மா கையில் கொடுத்தாள்.

அம்மா போனைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். இரண்டே வார்த்தைதான். படித்து முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

"இது யாரு எழுதினது?"

"உனக்குத் தெரியும்மா."

"எப்ப?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நான் இன்னைக்குத்தான் பார்த்தேன். என் தப்பு."

"உன் தப்பு என்னடி. போட்டோ வேண்டாம்னது யாரு?" அம்மாவுக்கு மூச்சு இரைத்தது. சின்னவள் பயந்து முதுகைத் தடவினாள். அம்மா கையைத் தட்டிவிட்டாள். "செத்துட்டேன்னு நெனச்சுட்டானா அவன்? கேட்டுட்டுப் பேசாம இருந்துட்டானா? ஒரு போன் போட்டா என்ன, குடியா முழுகிப்போயிடும்?"

"போன் பண்ணாதன்னு நீதானம்மா சொன்ன."

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள்: பலகையை இத்தனை வருஷமும் நட்டுவைத்திருந்தவன் அவன் என்பது, ஆறு மணிக் கெடு, இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிகிற ஜலதோஷக்காரி, பதினைந்து வார்த்தை. "என்ன எழுதணும்னு நீ சொல்லு. நான் சொன்னா அவன் கேக்க மாட்டான்."

"எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல."

"அம்மா!"

"கத்தாத."

ஒன்றே கால். ஒன்றரை. அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். ஒன்றே முக்காலுக்குச் சின்னவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகையை அடக்கும் வயதெல்லாம் தாண்டி, குழந்தை மாதிரி மூக்கு ஒழுக அழுதாள். "நாளைக்கு உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, ரெண்டாவது தடவையும் அவன் எல்லாம் முடிஞ்சுதான் வரணுமா? அப்புறம் நான் அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

அம்மா திரும்பினாள். கோபமாக இருப்பது போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நன்றாக வரவில்லை.

"எழுதிக்கோ," என்றாள். "வீட்டுக்குத்தான் வராதேன்னேன். ஆஸ்பத்திரிக்கு வராதேன்னு எப்பச் சொன்னேன்?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன பார்க்குற? நான் சொன்னதுல ஆஸ்பத்திரி இருந்துச்சா? எந்த ஆஸ்பத்திரி, எத்தனாவது மாடின்னு சேர்த்துப் போடு. அம்மான்னு முடி."

ஒன்று ஐம்பத்து மூன்றுக்கு ஜலதோஷக்காரியிடம் படித்துக் காட்டினாள். மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டு, பாதியில் நின்றது. "முகவரியைப் புதுப்பிக்கறதைப் பத்தி மட்டும்தான் எழுதலாம்னு விதி," என்று இழுத்தாள் அவள். பிறகு விசைகள் மறுபடி தட்டப்பட்டன. "அனுப்பிட்டேன்க்கா. போய்ச் சேர்ந்துதான்னு எனக்குத் தெரியாது. அந்த நம்பர் இன்னும் இருக்கான்னும் தெரியாது. அம்மாவைப் பார்த்துக்குங்க."

நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மூன்றாவது மாடி, ஜன்னல் இல்லாத அறை. நர்ஸ் வந்து ரத்தம் எடுத்தாள், மாத்திரை கொடுத்தாள், மணிக்கட்டில் பட்டை கட்டினாள். உள்ளே சிக்னல் இல்லாததால், ஆஸ்பத்திரியின் வைஃபையில் போனைச் சேர்த்துக்கொண்டு, சின்னவள் முகவரியை அடித்தாள். காலாவதியாகிவிட்டது. ஐந்து மணிக்கு அடித்தாள். காலாவதியாகிவிட்டது. மயக்க மருந்து டாக்டர் வந்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எதற்கும் தயாராக இருக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஐந்தரைக்கு ஒரு தரம். ஐந்தே முக்காலுக்கு மூன்று தரம். அண்ணன் அந்த மாலையில் இருபத்தாறு தடவை வந்தது எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

"போட்டுட்டியா?" என்றாள் அம்மா.

"இன்னும் திறக்கலம்மா."

ஆறு அடித்தது. திரையில் அதே வரி. போச்சு, யாரோ வெளியாள் கைக்குப் போச்சு. எந்த மகராசன் வாங்கினான் என்று பார்த்துவிடுவோம் என்று, முகவரிகளின் பொதுப் பதிவேட்டைத் திறந்தாள். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பதிவேடு அது. உரிமையாளர்: மாற்றமில்லை. புதுப்பித்த நேரம்: இன்று பிற்பகல் மூன்று பத்து. அடுத்துக் காலாவதியாகும் தேதியைப் படித்தாள். தப்பாகப் படித்துவிட்டோமா என்று வருஷத்தை விரல் விட்டு எண்ணினாள்.

"அம்மா," என்றாள். "உயிரோட இருக்கான். புதுப்பிச்சுட்டான். பத்து வருஷத்துக்கு."

"பத்து வருஷமா?" என்றாள் அம்மா. "அதுவரைக்கும் என்னை இருக்கச் சொல்றானா?" சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. சின்னவள் கட்டிலருகே இருந்த இதயத் துடிப்பு மானிட்டரைப் பார்த்தாள். எண்கள் எகிறி, மெதுவாக இறங்கின.

பலகை மறுபடி நடப்பட்டு வெப்சைட் திறக்க ஆறு இருபத்தைந்து ஆயிற்று. கிழிந்த குடைகள் வந்தன. பற்கள் வந்தன. சாய்கோடு போட்டு, பழைய வீட்டு நம்பரை அடித்தாள். நீல உடையில், ஜன்னலோரத்தில், வற்றிப்போன முகத்தோடு அம்மா நேராகப் பார்த்தாள்.

"வந்துடுச்சும்மா. படம் வந்துடுச்சு."

அம்மா முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். "பார்த்தானா?"

ஒன்பது வருஷத்தில் அம்மா அவனைப் பற்றிக் கோபமில்லாமல் கேட்ட முதல் கேள்வி அது. சின்னவள் வருகைப் பதிவேட்டைத் திறந்தாள். புதிதாக இரண்டு வரி இருந்தது. ஆறு இருபத்தைந்து: அவள் போன், ஆஸ்பத்திரி லைன். ஆறு இருபத்தேழு: வேறு ஒரு கருவி. திங்கட்கிழமைதோறும் ஆறே காலுக்கு வந்த அதே மாதிரிக் கருவி. லைன் நம்பரைப் பார்த்ததும் ஏதோ கோளாறு என்றே நினைத்தாள். நாலு மணி நேரத் தொலைவில் உள்ள ஊரின் நம்பராக அது இல்லை. மேல் வரியில் இருந்த அதே நம்பர். இந்தக் கட்டடத்தின் வைஃபை. அந்தப் பக்கத்துக்கு வழி தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"பார்த்துட்டான்மா," என்று எழுந்துவிட்டாள். "இங்கேருந்துதான் பார்த்திருக்கான். கீழ எங்கயோ இருக்கான். மேல வரலாமா வேண்டாமான்னு நிக்கறான்."

அம்மா படக்கென்று திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இன்னும் எத்தனை நேரம் நிக்க வைப்ப? போய்க் கூட்டிட்டு வா."

சின்னவள் கதவுக்குப் பாய்ந்தாள்.

"ஏய், நில்லு." அம்மா கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேஜையைக் கண்ணால் காட்டினாள். "முதல்ல அந்த மாத்திரையெல்லாம் எடுத்து உள்ள வை. சீப்பு எங்க?"

சின்னவள் சீப்பைத் தேடி எடுத்து அம்மா கையில் திணித்தாள். மாத்திரைப் பட்டைகளை ஒரே வாராக வாரி இழுப்பறையில் கொட்டிவிட்டு வெளியே ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. ஒரு பட்டை கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை முந்தானையில் மறைத்தபடியே மூன்று மாடியும் படியிறங்கினாள்.